இம்ப்ரோவ் வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு: அனுமதிக் கடிதம் முதல் நான்காவது வாரம் வரை

எழுதி வைத்த வசனம் இல்லாமல், நின்ற இடத்திலேயே கதையை உருவாக்கி நடிப்பதுதான் இம்ப்ரொவைசேஷன். சுருக்கமாக இம்ப்ரோவ். சங்கீதத்தில் மனோதர்மம் என்பார்களே, அதை நாடகத்தில் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன். அப்போது புள்ளிக் கோலத்தைக்கூடக் கைபேசியில் பார்த்துத்தான் போடுவேன். பத்து வாரம் கழித்து, மார்கழியில் ஒரு நாள் எதையும் பார்க்காமல் வாசலில் என் சொந்தக் கோலம் ஒன்றைப் போட்டேன். சின்னக் கோலம்தான். ஆனால் பள்ளிக்கூட வயதில் எனக்குள் இருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மதுரையில் இப்போது மூன்றாவது வருடமாக வகுப்பு நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு, வெள்ளிக்கிழமை மாலை ஒரு பள்ளியில் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு. முதல் வருடத்தில் பாதி, காகிதத்துக்கும் இடத்துக்கும் அலைந்ததிலேயே போய்விட்டது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கற்றுக்கொடுக்கும் முன் நீங்கள் ஆடுங்கள்

இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்த சூட்டில் வகுப்பு தொடங்காதீர்கள். குறைந்தது எட்டு வாரம், வாரம் ஒரு முறை, ஏதாவது ஒரு குழுவில் பங்கேற்பாளராக இருங்கள். மனதில் ஒன்றும் தோன்றாமல் நாலு பேர் முன்னால் நின்றால் உடம்பு எப்படி இறுகும் என்பது உங்களுக்கே நடந்திருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் முன் ஒரு பிள்ளை அப்படி நிற்கும்போது அந்த அனுபவம்தான் கைகொடுக்கும்.

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால் நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மொட்டை மாடியில் விளையாடுங்கள், போதும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கோயில் திருவிழாவில் ஒரு ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரையும் தனித்தனியாகப் பேசி வரவழைத்திருப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். அன்றிரவு மேடையில் ஒருவர் போட்ட வார்த்தையை மற்றவர் பிடித்து எங்கே கொண்டுபோகிறார் என்று கவனியுங்கள். எந்தப் பட்டறையிலும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

2. யாருக்கு, எத்தனை பேர்

பன்னிரண்டு முதல் பதினான்கு பேர். அதற்கு மேல் வேண்டாம். எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் விடுப்பு எடுத்த அன்று வகுப்பு படுத்துவிடும். இருபது ஆகிவிட்டால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் இருக்கும் அறையில் கூச்சம் போகாது.

பிள்ளைகளையும் பெரியவர்களையும் கலக்காதீர்கள். அப்பா அம்மா உட்கார்ந்திருந்தால் பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடிக்கும். “நான் ஓரமா உட்கார்ந்துக்கிறேன்” என்று கேட்பார்கள். முதல் நாளும் கடைசி நாளும் வாருங்கள் என்று பதமாகச் சொல்லிவிடுங்கள்.

3. இடம்

பதினான்கு பேருக்கு இருபதுக்கு இருபத்தைந்து அடி அறை தாராளம். நாற்காலிகளை ஓரமாக அடுக்க முடிய வேண்டும். தரை வழுக்கக் கூடாது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் எடுக்காதீர்கள். எதிரொலியில் யார் பேசுவதும் கேட்காது. நான் முதலில் பிடித்தது ஒரு டியூஷன் சென்டரின் மேல்மாடி. பக்கத்து அறையில் பிளஸ் டூ வகுப்பு நடந்தது. எங்கள் சிரிப்புச் சத்தத்துக்கு மூன்றாவது வாரமே காலி செய்யச் சொன்னார்கள். சத்தம் வரும் என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தால் உரிமையாளரை ஒரு விளையாட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

4. காகிதங்கள்

பெரியவர்கள் வகுப்புக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பெயர், கைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க இன்னொருவர் எண், மூட்டுவலி, வலிப்பு போன்ற உடல்நிலை விவரம் என்று ஒரு பக்கப் படிவம் போதும்.

பிள்ளைகள் என்றால் வேறு கதை. பள்ளிக்குள் நடத்துவதாக இருந்தால் முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். எந்த வகுப்பு மாணவர்கள், எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், கட்டணம் உண்டா இல்லையா, யார் யார் உள்ளே வருவார்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். நாலு வாரத்துக்கான பாடத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். “நாடக விளையாட்டு” என்று எழுதினால் புரியும். நான் “இம்ப்ரோவ்” என்று எழுதப்போய் என்ன ஏது என்று விளக்கவே இரண்டு நடை ஆனது.

அரசுப் பள்ளியில் வெளியாள் வந்து வகுப்பெடுக்கத் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம் வரை கடிதம் போகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவருக்கு உங்கள் வகுப்பைப் பற்றித் தெரிந்திருந்தால் வேலை சுலபமாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “சரி, பார்க்கிறேம்மா” என்ற பதிலோடு திரும்பிவிட்டேன். ஒரு மாதத்தில் அந்தத் தலைமையாசிரியருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவருக்கு என் கடிதம் பற்றி ஒன்றும் தெரியாது, கோப்பிலும் இல்லை. மறுபடி முதலிலிருந்து. ஆகவே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் “பெறப்பட்டது” என்று தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று. யாரும் கேட்கவில்லை என்றாலும் வாங்கி வையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்கள் உதவியாளருக்கும் சேர்த்து எடுங்கள். பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. உதவியாளர் வராத நாளில் வகுப்பை ரத்து செய்துவிடுவேன்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அடியுங்கள். வகுப்பு நேரம், பிள்ளையை அழைத்துப்போக வருபவர் பெயர், ஒவ்வாமை, மருந்து விவரம், கையெழுத்து. புகைப்படம், வீடியோ எடுப்பதற்குத் தனிப் படிவம் வையுங்கள். ஒரே தாளில் இரண்டையும் போட்டால் வகுப்புக்குக் கையெழுத்துப் போடும் கையோடு அதற்கும் போட்டுவிடுவார்கள். பிறகு பிள்ளை தத்தளிக்கும் ஒரு காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றினால் அந்தப் பிள்ளை மறு வாரம் வராது. நான் முதல் மூன்று மாதம் யாரையும் படமெடுக்க விடுவதே இல்லை.

5. பணம்

என் ஞாயிறு வகுப்பின் கணக்கை அப்படியே தருகிறேன். கூட வாடகை இரண்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய், மாதம் நாலு வகுப்புக்கு 2,000. உதவியாளருக்கு வகுப்புக்கு 400 வீதம் 1,600. தண்ணீர், சுண்டல், டீ 600. நகல், தொலைபேசி 200. ஆக மாதம் 4,400. தொடக்கச் செலவு தனி: ஜமுக்காளம் இரண்டு, முதலுதவிப் பெட்டி, படிவங்கள் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் அடங்கியது.

பதினான்கு பேரில் இரண்டு பேருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மீதி பன்னிரண்டு பேரிடம் முதலில் தலைக்கு 400 ரூபாய் வாங்கினேன். 4,800 வந்தது, என் உழைப்புக்கு மிஞ்சியது 400. ஒரு வருடம் அப்படியே இழுத்துவிட்டுத்தான் 600 ஆக்கினேன், யாரும் விலகவில்லை. முதலிலேயே சரியான கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு காசு வாங்காமல் எட்டு வாரத்துக்கு மொத்தமாக வாங்குங்கள். இரண்டாவது வாரம் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும், அன்றன்றைக்குக் கட்டுகிறவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள்.

6. முதல் நான்கு வாரம்

“புதுசா யோசி” என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கற்பனை வற்றிப் போனவர்களுக்கு அதைவிடப் பயமுறுத்தும் வார்த்தை கிடையாது. கீத் ஜான்ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் தன் மாணவர்களிடம் இதற்கு நேர்மாறாகக் கேட்டார்: கெட்டிக்காரத்தனம் வேண்டாம், உடனே கண்ணுக்குத் தெரிவதைச் சொல். உங்களுக்குச் சர்வசாதாரணமாகத் தோன்றுவது பக்கத்தில் இருப்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும். என் வகுப்பில் ஒரு அஞ்சலக ஊழியர் மூன்று வாரம் “எனக்கு ஒண்ணும் தோணலை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் ஒரு காலி டப்பாவைக் கையில் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். யோசிக்காமல் “முத்திரை விழாத கடிதம்” என்றார். யார் எழுதியது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அங்கிருந்து இருபது நிமிடம் ஓடியது கதை.

முதல் வாரம் பேச்சே வேண்டாம். வட்டமாக நின்று இல்லாத பந்தை எறிந்து பிடிப்பது, இரண்டிரண்டு பேராகக் கண்ணாடி விளையாட்டு: ஒருவர் மெதுவாக அசைய, மற்றவர் பிம்பமாக அசைவது. பிறகு “என்ன பண்றே?” விளையாட்டு. ஒருத்தி பல் தேய்ப்பதுபோல் நடிக்கிறாள். அடுத்தவன் வந்து “என்ன பண்றே?” என்கிறான். அவள் பல் தேய்த்துக்கொண்டே “மாவு ஆட்டறேன்” என்று வேறொன்றைச் சொல்ல வேண்டும். உடனே அவன் மாவு ஆட்ட வேண்டும். கை ஒன்று செய்ய வாய் இன்னொன்று சொல்வதில், சரியா தப்பா என்று சோதிக்கும் மனசுக்கு இடமே கிடைக்காது.

இரண்டாவது வாரம் “சரி, அப்புறம்”. ஆங்கிலத்தில் ‘எஸ், அண்ட்’ என்று இதைச் சொல்கிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. பாட்டி கதை சொல்லும்போது ம் கொட்டுவோமே, அதிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். முதலில் வெறும் “ம்”. அடுத்த சுற்றில் “ம், அப்புறம் அந்த யானை குடையை விரிச்சுது” என்று ஒரு துண்டு சேர்க்க வேண்டும். “அதெல்லாம் யானை விரிக்காது” என்று ஒரு பிள்ளை வெட்டிவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். வெட்டுவதையும் ஒரு முறை வேண்டுமென்றே செய்யச் சொல்லி வித்தியாசத்தை அவர்களே பார்க்கட்டும்.

மூன்றாவது வாரம் சேர்ந்து கதை சொல்வது. ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லும் விளையாட்டு உலகம் முழுக்கப் பிரபலம். அதைத் தமிழில் அப்படியே ஆடிப் பார்த்துத் தோற்றேன். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. “ராமு… நேத்து… கடைக்கு… அண்ணனோட…” என்று நாலு பேர் சுமையை ஏற்றி ஏற்றி ஐந்தாவது ஆளின் தலையில் வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை முழிக்கும். இப்போது ஆளுக்கு ஒரு முழு வாக்கியம், தொடக்கத்தில் “அப்புறம்” கட்டாயம் என்று மாற்றிவிட்டேன். தடையில்லாமல் போகிறது.

இன்னொரு தமிழ்ச் சிக்கல், நடிக்கச் சொன்னதும் பிள்ளைகள் சினிமா வசனத்துக்கோ “அன்னையே, கேளுங்கள்” என்ற மேடைத் தமிழுக்கோ தாவிவிடுவார்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுத் தமிழ் வாயில் வந்துவிட்டால் கற்பனையும் கூடவே வந்துவிடும்.

நான்காவது வாரம் அந்தஸ்தில் யார் மேலே, யார் கீழே என்ற விளையாட்டு. இதற்குத் தமிழைப்போல் வசதியான மொழி கிடைக்காது. ஒரு நாற்காலி, இரண்டு பேர், ஒரே சொல்: வா, வாங்க, வாப்பா, வாடா, வாங்களேன். விகுதியை மாற்றினாலே தோள் இறங்குகிறது, முதுகு நிமிர்கிறது. ஆனால் கவனம். இதே விளையாட்டு சாதியைத் தொட்டுவிடும். ஊரில் பார்த்ததைத்தான் பிள்ளைகள் செய்துகாட்டுவார்கள். முதலாளி–வேலையாள், டாக்டர்–நோயாளி என்று பாத்திரங்களை நீங்களே கொடுங்கள், பாதியில் இடம் மாற்றுங்கள். யாரும் இரண்டு முறை தொடர்ந்து கீழே இருக்கக் கூடாது.

ஆட்டம் நடக்கும்போது நிறுத்தித் திருத்தாதீர்கள். இம்ப்ரோவ் விளையாட்டுகளுக்கு வழி போட்ட சிகாகோ ஆசிரியை வயோலா ஸ்போலின், ஓரத்தில் நின்று சின்னச் சின்னக் குரல் கொடுப்பதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். “குடம் கனமா இருக்கு”, “அவ கண்ணைப் பாரு”, “மெதுவா” என்று அவ்வளவுதான். பாராட்டும் வேண்டாம், குறையும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. “சூப்பர்” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த பிள்ளை அந்தச் சூப்பருக்காக ஆடத் தொடங்கிவிடும். இதைப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது, பதினோரு வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை இது.

7. உடனே நிறுத்த வேண்டிய தருணங்கள்

தொடுவது பற்றி முதல் நாளே பேசுங்கள். கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது. உருவம், நிறம், திக்குவாய், வகுப்புத் தோழரின் வீடு ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு வரவழைத்தால் கைதட்டி நிறுத்துங்கள். திட்டாமல் “வேற காட்சி” என்று மாற்றிவிடுங்கள்.

சில நேரம் காட்சிக்குள் வீட்டு விஷயம் வந்துவிடும். அடி, குடி, அதைவிட மோசமானதும் வரலாம். எல்லோர் முன்னாலும் துருவாதீர்கள். காட்சியை மெல்ல முடித்துவிட்டு, வகுப்பு முடிந்தபின் இரண்டு பெரியவர்களுமாக அமைதியாகக் கேளுங்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதாகத் தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், பள்ளியிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ உங்கள் கைபேசியிலும் உதவியாளர் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

8. ஆண்டு விழாவும் மதிப்பெண்ணும்

எனக்கு நேர்ந்ததில் பெரிய இழப்பு இதுதான். வகுப்பு நன்றாகப் போவதைப் பார்த்த பள்ளி, ஆண்டு விழாவில் பதினைந்து நிமிட நாடகம் கேட்டது. ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து வசனம், ஒத்திகை, யாருக்கு முக்கிய வேடம் என்ற போட்டி. ஆறு வாரத்தில் பிள்ளைகள் பழையபடி என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். கூச்சத்தை விட்டு வந்த இரண்டு பேர் நின்றேவிட்டார்கள். அடுத்த பருவத்தில் “சிறந்த நடிகர்” பதக்கம் கொடுக்கலாமா என்றும் கேட்டார்கள். அன்று மறுத்தேன்.

தொடக்கக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “இவ்வகுப்பில் மதிப்பெண், பரிசு, தேர்வு, மேடை நிகழ்ச்சி இல்லை. பருவ இறுதியில் பெற்றோர் வந்து சேர்ந்து விளையாடலாம்.” தப்பு செய்தால் ஒன்றும் ஆகாது என்ற இடம் பிள்ளைகளுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மேலே சொன்ன காகிதமெல்லாம் அதைக் காப்பாற்றத்தான்.

9. பெரியவர்கள் மேடை ஏற விரும்பினால்

ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். ‘ஸ்கிரிப்டைக் காவல் நிலையத்தில் கொடுத்தீர்களா?’ என்று மண்டபக்காரர்கள் கேட்பதுண்டு. கொடுக்க நம்மிடம் ஸ்கிரிப்டே கிடையாது. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை ஒட்டி வந்த வழக்கம் அது. எழுத்தாளரும் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. இதைப் பணிவாகச் சொல்லுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் அதற்குத் தனியாகக் காவல்துறை அனுமதி வேண்டும்.

‘தியேட்டர்ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரில் நிகழ்ச்சி போடாதீர்கள். அது ஜான்ஸ்டோன் உருவாக்கிய, அணிகள் மோதும் இம்ப்ரோவ் போட்டி வடிவம், மேடையேற்ற உரிமம் வாங்க வேண்டும். உங்கள் குழுவுக்கு நீங்களே ஒரு தமிழ்ப் பெயர் வையுங்கள்.

10. எந்த மாதத்தில் எதை

நான் ஜூலையில் கடிதம் கொடுத்தேன். அனுமதி வருவதற்குள் செப்டம்பர், காலாண்டுத் தேர்வு. அப்புறம் விடுமுறை, தீபாவளி. நவம்பரில் தொடங்கி நாலு வகுப்பு முடிவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

பிப்ரவரியில் காவல்துறைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மார்ச்சில் தலைமையாசிரியரைப் பார்த்துக் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாறுதல் ஏதும் நடந்ததா என்று விசாரித்து, நடந்திருந்தால் பள்ளி திறந்த முதல் வாரமே முத்திரை போட்ட பிரதியோடு புதியவரைப் பாருங்கள். ஜூன் மூன்றாம் வாரம் ஒப்புதல் படிவங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரப் பத்து நாள் ஆகும், இரண்டு மூன்று படிவம் தொலையும், கூடுதலாக ஐந்து நகல் வைத்திருங்கள். ஜூலை முதல் வெள்ளிக்கிழமை தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் எட்டு வகுப்பு முழுசாகக் கிடைக்கும்.